ரதியின் பக்கக் கதை – ஹாலிஎலவில் நான்கு நாட்கள்

மாசி மாதம் பிறந்தால் மலையகத் தோட்டங்களில் தப்புச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். காமன் கூத்துக்குரிய காலம் அது. 2024ஆம் ஆண்டு அந்தக் காலத்தில் கிளிநொச்சிப் பக்கத்துப் பெண்கள் பதினான்கு பேருடன் நான் ஹாலிஎலவுக்குப் போயிருந்தேன். எல்லோரும் யுத்தத்தால் பாதிக்கப்பட்டவர்கள். குடும்பப் பாரத்தைத் தனியே சுமப்பவர்கள். தோட்டத்து மாதர் சங்கப் பெண்களுடன் நான்கு நாட்கள் தங்கி, ஒருவர் வாழ்க்கையை மற்றவர் அறிந்துகொள்வதே பயணத்தின் நோக்கம். சமூகப் பணியாளர் என்ற முறையில் அவர்களை அழைத்துச் சென்று வருவது என் பொறுப்பு.

சேமிப்பு, சத்துணவு, சிறுகைத்தொழில் என்று நிகழ்ச்சிநிரலை எழுதி வைத்திருந்தேன். கூத்து அதில் இருக்கவில்லை. ஆனால் அந்த நான்கு நாட்களில் எங்களை அதிகம் பேச வைத்தது கூத்துத்தான். வாசகச் சகோதரிகளுக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மலையேறிய ரயில்

இரவு கிளிநொச்சியில் ஏறிய பஸ் வவுனியா, தம்புள்ளை, மாத்தளை வழியாக விடியற்காலையில் கண்டிக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து பதுளை ரயிலைப் பிடித்தோம். நானுஓயா, பட்டிப்பொல, அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. இந்தப் பாதை பதுளை வரை வந்து முடிந்தது 1924ஆம் ஆண்டில். தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி இறங்கி, தான் சற்று முன் நின்ற நிலையத்துக்கு அடியாலேயே சுரங்கம் வழியாக வெளியே வருகிறது. வன்னியின் சமதரையில் வளர்ந்த எங்கள் பெண்கள் அதைப் பார்த்துச் சிறுபிள்ளைகள் போலச் சிரித்தார்கள். அதன் பிறகு உடுவரை, அடுத்தது ஹாலிஎல. அதற்கப்பால் பதுளை மட்டுந்தான்.

ஊவாவின் தேயிலை வாசத்துக்குப் பேர்போனது. ஜூலை முதல் செப்டம்பர் வரை இந்த மலைகளில் வீசும் வறண்ட காற்றுத்தான் அந்த வாசத்துக்குக் காரணம் என்பார்கள். நாங்கள் போனது மாசிக் குளிரில். நிலையத்தில் இறங்கியதும் காதை மூடிச் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு தோட்டப் பாதையில் நடந்தோம்.

எங்களோடு வந்தவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் வேண்டாம், அக்கா என்றே எழுதுகிறேன். அவருடைய தாய் பிறந்தது இதே ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் அந்தக் குடும்பம் உயிர் தப்பி வன்னிக்குப் போனது. 1977இலும் 1983இலும் இப்படி ஆயிரக்கணக்கான மலையகக் குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் காடுகளை வெட்டிக் குடியேறின. பாதுகாப்புத் தேடிப் போன அந்த மண்ணிலேயே கடைசி யுத்தமும் அவர்களைப் பிடித்துக்கொண்டது. அக்காவின் கணவர் 2009 மே மாதத்தில், சரணடைந்தவர்களின் வரிசையில் போனவர். அதன் பின் தகவல் இல்லை.

தாய் சொல்லியிருந்த அடையாளத்தை வைத்து அக்கா அந்த லயத்தைத் தேடினார். பீலிக்குப் பக்கம், மேட்டு லயம், மூன்றாவது காம்பரா. லயம் இருந்தது. கூரைத்தகரம் மாறியிருந்தது. காம்பராவில் வேறு குடும்பம். அவருடைய பாட்டன் பாட்டியை நினைவில் வைத்திருந்தவர் யாரும் இல்லை. அந்த வீட்டுப் பெண் பிளேன்டீயும் ரொட்டியும் தந்தார். அக்கா பீலியில் கை நனைத்து முகம் கழுவிக்கொண்டு வந்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை.

கம்பம் எரிந்த இரவு

காமன் கூத்தின் கதையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூரபத்மனின் கொடுமை தாங்காமல் தேவர்கள் தவிக்கிறார்கள். அவனை அழிக்கச் சிவனின் மகன் வேண்டும். சிவனோ தவத்தில் இருக்கிறார். தவத்தைக் கலைக்க மன்மதனை அனுப்புகிறார்கள். போக வேண்டாம் என்று ரதி தடுக்கிறாள். அவன் கேளாமல் போகிறான். நெற்றிக்கண் திறக்கிறது. மன்மதன் சாம்பலாகிறான். ரதி அழுது வேண்டிய பிறகு, அவன் உயிர் பெறுவான், ஆனால் அவள் கண்ணுக்கு மட்டுமே தெரிவான், மற்ற எவர் கண்ணுக்கும் உருவமற்றவனாகவே இருப்பான் என்று வரம் கிடைக்கிறது.

தோட்டங்களில் மாசி அமாவாசை கழிந்து காமன் கம்பத்தை நடுகிறார்கள். நாள்கணக்கு தோட்டத்துக்குத் தோட்டம் சற்று மாறும். பிறகு வேலை முடிந்த இரவுகளில் தப்பு முழங்க ரதியும் மன்மதனும் ஆடுவார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் கம்பத்துக்கு நெருப்பு வைப்பார்கள். அது காமன் தகனம். மூன்றாம் நாள் காமனை எழுப்பும் சடங்கு நடக்கும். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாக வந்தவர்கள் தங்களோடு கொண்டுவந்த கூத்து இது. நேர்த்தி வைத்து விரதம் இருந்து வேஷம் கட்டுவோரும் உண்டு.

நாங்கள் போய்ச் சேர்ந்த இரண்டாம் இரவு தகனம். அழைப்பு வந்ததும் எனக்குத் தயக்கம். கணவனை இழந்த பெண்களை ஒரு பெண் கணவனை இழந்து அழும் கூத்துக்குக் கூட்டிப் போவதா? சமூகவியல் படித்தவள், உளவளத்துணைப் பயிற்சி பெற்றவள் என்று எனக்குள்ளே ஓர் எண்ணம். குளிராக இருக்கிறது, அறையிலேயே இருப்போம் என்று சொல்லிப் பார்த்தேன். "எங்களுக்குக் குளிரே தங்கச்சி? பதுங்குகுழிக்குள்ள மழைத் தண்ணியில கிடந்தனாங்கள்" என்று சொல்லிவிட்டுப் போர்வையோடு கிளம்பினார்கள்.

ரதியாக ஆடியவர் ஓர் இளைஞர். கண்ணாடி வளையலும் பூவுமாக அவர் ஆடிய ஆட்டத்தில் அது ஆண் என்பதே மறந்துபோயிற்று. கம்பம் எரிந்தபோது நள்ளிரவு கடந்திருந்தது. பிறகு ரதியின் ஒப்பாரி தொடங்கியது. தோட்டத்துப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எங்கள் பெண்களில் சிலர் எழுந்து போவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் எழும்பவில்லை.

வரத்தைப் பற்றிய பாட்டு வந்தபோது பக்கத்தில் இருந்த பாட்டி எங்களுக்கு விளங்கட்டும் என்று சொன்னார்: "அவ கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவானாம். ஊரு கண்ணுக்குச் செத்தவன்." அக்கா திரும்பி அந்தப் பாட்டியைப் பார்த்தார். விடியும் வரை அவர் வேறு எங்கும் பார்க்கவில்லை, எரிந்துகொண்டிருந்த கம்பத்தையே பார்த்தபடி இருந்தார்.

இஸ்தோப்பில் பேசியது

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கொழுந்து எடுக்கும் வேலை இல்லை. பின்னேரம் ஒரு லயத்து இஸ்தோப்பில் கூடினோம். பெரிய காகிதமும் மார்க்கர் பேனாவுமாக ஒரு செயலமர்வு நடத்த நான் தயாராக இருந்தேன். அதற்குள் அக்கா பேசத் தொடங்கிவிட்டார்.

"எனக்கும் அந்த ரதியைப் போலத்தான். என்ர கண்ணுக்கு அவர் இருக்கிறார். ஊர்க் கண்ணுக்கு இல்லை. பொட்டு வைச்சா ஏன் வைக்கிறாய் எண்டு கேக்கினம். வைக்காட்டி அப்ப செத்துப் போனாரோ எண்டு கேக்கினம். நான் என்ன செய்ய?"

இந்தப் பத்திரிகையை வாசிக்கும் பலருக்கு இது புதிதல்ல. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவி விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. 2016இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெற வழி ஏற்பட்டது. அது காணி, வங்கி அலுவல்களுக்கு உதவும். ஆனால் பொட்டு வைப்பதா வேண்டாமா என்பதற்கு அதில் விடை இல்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் உறவுகள் தொடங்கிய தொடர் போராட்டத்தில் அக்காவும் பல நாட்கள் இருந்திருக்கிறார். அங்கேகூட அவர் இதைச் சொன்னதில்லையாம். தன் பெயரில் சொல்ல முடியாததை ரதியின் பெயரில் சொல்ல முடிந்திருக்கிறது.

அப்போது தோட்டத்துப் பெண் ஒருவர் கேட்டார்: "அந்தச் சண்டைக்காகத்தானே அவன அனுப்புனாங்க? அனுப்பறதுக்கு முன்னால ரதிகிட்ட யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாங்களா?"

எனக்கு அது ஒரு புதிய கேள்வி. சூரனை அழிக்க முருகன் பிறக்க வேண்டும் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தப் பெரிய யுத்தத்துக்கு முதல் பலி ரதியின் வீட்டில் விழுந்தது என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

கடல் கடந்த கதைகள்

அந்தக் கேள்வியைக் கேட்டதும், நான் வாசித்த கிரேக்கக் கதைகள் நினைவுக்கு வந்தன. அவற்றையே அன்று அவர்களுக்குச் சொன்னேன்.

நம்முடைய இராமாயணம், பாரதம் போலக் கிரேக்கர்களுக்கும் பழைய யுத்தக் கதைகள் உண்டு. ஹோமர் என்ற புலவரின் பெயரால் வழங்கும் இரண்டு காவியங்களில் ஒன்று ட்ராய் நகரத்து யுத்தம். மற்றது அந்த யுத்தம் முடித்து வீடு திரும்பும் ஒடிசியஸ் என்ற அரசனின் பயணம். பத்து ஆண்டு யுத்தம், பத்து ஆண்டு வழிப்பயணம். இருபது ஆண்டுகள் அவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் மனைவி பெனலோப்பி ஒரு மகனோடு காத்திருக்கிறாள். அவன் செத்திருப்பான், எங்களில் ஒருவனைக் கட்டிக்கொள் என்று நூற்றுக்கு மேற்பட்ட ஆண்கள் வீட்டுக்குள் வந்து குந்திவிடுகிறார்கள். மாமனாருக்கு ஈமத் துணி நெய்து முடித்ததும் சொல்கிறேன் என்கிறாள் அவள். பகலில் நெய்ததை இரவில் பிரிக்கிறாள். இப்படி மூன்று ஆண்டுகள் சமாளிக்கிறாள்.

இந்த இடத்தில் அக்கா சிரித்தார். "நானும் அப்பிடித்தான் பைல் கட்டுறன். ஒரு கொமிஷன் வரும், படம், கடிதம் எல்லாம் அடுக்கிக் குடுப்பன். அது முடிஞ்சு இன்னொண்டு வரும். திரும்ப முதல்ல இருந்து."

கனடா நாட்டு எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் இந்தக் கதையைப் பெனலோப்பியின் வாயால் சொல்ல வைத்து 2005இல் ஒரு நாவல் எழுதினார். அதில் பெனலோப்பியோடு இன்னும் பன்னிரண்டு பேர் பேசுகிறார்கள். அவர்கள் வீட்டு வேலைக்காரிகள். பழைய காவியத்தில் ஒடிசியஸ் திரும்பி வந்து, வீட்டுக்குள் குந்தியிருந்த ஆண்களைக் கொன்ற பிறகு, அவர்களோடு உறவு வைத்தார்கள் என்று இந்தப் பன்னிரண்டு பெண்களைத் தூக்கில் போடுகிறார்கள். அதற்கு முன் பிணங்களைத் தூக்கி வெளியே போட்டு, மண்டபத்தை அவர்களைக் கொண்டே கழுவிக்கவும் செய்கிறார்கள். காவியம் அதைச் சில வரிகளில் முடித்துவிட்டுப் போய்விடும். அட்வுட்டின் நாவலில், அந்த ஆண்களோடு பழகி வேவு பார்க்கச் சொன்னதே பெனலோப்பிதான். அந்த உண்மையைக் கணவனிடம் சொல்லி அவர்களைக் காப்பாற்ற அவளுக்குச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

வன்னிப் பெண்கள் பெனலோப்பியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தோட்டத்துப் பெண்கள் கேட்டது வேறு.

"அந்தப் பன்னெண்டு பேருக்கும் பேரு என்னாங்க மிஸ்?"

பழைய காவியத்தில் ஒருத்தியின் பெயர் மட்டும் தெளிவாக வருகிறது, மெலாந்தோ என்றேன். "செக்ரோல்ல பேரு விழுந்தாத்தான் எங்களுக்குச் சம்பளம். பேரு விழாட்டி அன்னிக்கு நாங்க மலைக்கே போகலன்னு அர்த்தம். அந்த மாதிரித்தான் அவங்களும்" என்றார் அவர். முதுகு வளைய இருபது வருடம் கொழுந்து பறித்தவர். படித்தது ஐந்தாம் வகுப்பு. அட்வுட் ஏன் அந்தப் பன்னிரண்டு பேரையும் பேச வைத்தார் என்று விளக்க நான் வேறு வார்த்தை தேட வேண்டியிருக்கவில்லை.

இன்னும் சிலவற்றைச் சொன்னேன். ட்ராய் யுத்தத்தில் அக்கிலீஸ் என்ற வீரன் ஓர் ஊரைப் பிடித்து, கணவனையும் சகோதரர்களையும் கொன்று, பிரிசெயிஸ் என்ற பெண்ணைத் தன் பரிசாக எடுத்துக்கொள்கிறான். இங்கிலாந்து எழுத்தாளர் பாட் பார்க்கர் 2018இல் அவள் வாயால் அந்த யுத்தத்தைச் சொன்னார். கசாண்ட்ரா என்பவள் ட்ராய் நகரத்து இளவரசி. நடக்கப் போவதை உண்மையாகச் சொல்வாள், ஆனால் யாரும் நம்பக்கூடாது என்பது அவளுக்குக் கிடைத்த சாபம். ஜெர்மானிய எழுத்தாளர் கிறிஸ்டா வொல்ஃப் 1983இல் அவளைப் பேச வைத்தார். இதைச் சொன்னபோது இஸ்தோப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சாட்சி சொல்லியும் நம்பப்படாதவர்கள் எங்களிடையே ஒருவர் இருவர் அல்ல.

இவையெல்லாம் இப்போது வந்த புதுமை என்று நினைக்க வேண்டாம். கிறிஸ்துவுக்கு முன் 415ஆம் ஆண்டிலேயே யூரிப்பிடிஸ் என்ற கிரேக்க நாடகாசிரியர், தோற்ற ட்ராய் நகரத்துப் பெண்களையே மேடையேற்றினார். அவருடைய ஏதென்ஸ் நகரத்துப் படை அதற்கு முந்திய ஆண்டில்தான் மீலோஸ் என்ற தீவின் ஆண்களைக் கொன்று பெண்களையும் பிள்ளைகளையும் அடிமையாக்கியிருந்தது. வென்றவர்களின் ஊரில், வென்றவர்களைப் பார்க்க வைத்த நாடகம் அது. நம் நாட்டிலும் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், தர்மசிறி பண்டாரநாயக்க அதைச் சிங்களத்தில் ‘ட்ரோஜன் காந்தாவோ’ என்ற பெயரில் மேடையேற்றினார்.

தமிழிலும் இந்த வழி இருக்கிறது. புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாபவிமோசனம்’ கதையில், கல்லாயிருந்து பெண்ணான அகலிகை, சீதையை இராமன் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் மறுபடி கல்லாகிவிடுகிறாள். எழுதியவர் ஆண்தான். ஆனாலும் அந்தக் கதையில் நியாயம் கேட்கும் இடத்தில் நிற்பவள் பெண்.

ரதி என்ன கேட்டிருப்பாள்?

கடைசி நாள் காலையில் காமனை எழுப்பும் சடங்கு. அதற்குப் போகும் முன், ரதி நீங்களாக இருந்தால் என்ன கேட்பீர்கள் என்று நான் கேட்டேன். விரும்பியவர்கள் சொல்லலாம், சும்மா இருக்க விரும்புகிறவர்கள் இருக்கலாம் என்றேன்.

ஒருவர், தேவலோகத்தில் இந்திரனிடம் போய் வாசலில் குந்துவேன், அவன் வந்து பதில் சொல்லும் வரை எழும்ப மாட்டேன் என்றார். ஒருவர், அவர் எனக்கு மட்டும் தெரிந்து என்ன பயன், பிள்ளைகளின் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்று கேட்பேன் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தோட்டத்துப் பெண் ஒருவர், முதலிலேயே அவனை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டியிருப்பேன் என்றதும் சிரிப்பு எழும்பியது. நாலைந்து பேர் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் சரிதான்.

அக்கா கடைசியாகச் சொன்னார்: "எனக்கு வரம் வேண்டாம். அவருக்கு என்ன நடந்தது எண்டு சொன்னாப் போதும். பிறகு நான் அழுறதோ பொட்டு வைக்கிறதோ, அதை நான் பாப்பன்."

அதன் பிறகு சடங்குக்குப் போனோம். தப்பு முழங்கியது. காமன் எழுந்துவிட்டதாக எல்லோரும் மகிழ்ந்தார்கள். அக்கா கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

சகோதரிகளே, ஒரு கதையால் காணாமல் போனவர் திரும்பி வரமாட்டார். நான்கு நாட்களில் ஒருவருடைய துக்கம் ஆறியது என்று நான் எழுதினால் அது பொய். ஆனால் கூத்தைப் பார்க்க வேண்டாம் என்று தடுக்க நினைத்தது என் பிழை என்று இப்போது தெரிகிறது. அவர்களுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று அவர்களிடம் கேட்காமல் நானே முடிவு செய்ய இருந்தேன். மன்மதனை அனுப்பியவர்களும் ரதியிடம் கேட்கவில்லைதானே.

உங்கள் ஊரிலும் கூத்து இருக்கும், கோயிலில் கண்ணகி வழக்குரை படிப்பார்கள், பாரதக் கதை சொல்வார்கள். அடுத்த முறை கேட்கும்போது, சண்டையில் யார் வென்றார் என்பதோடு நில்லாமல் பாருங்கள். மண்டோதரி என்ன நினைத்திருப்பாள்? நூறு பிள்ளைகளையும் இழந்த காந்தாரி அன்றிரவு எங்கே படுத்திருப்பாள்? அந்த வீட்டில் சமைத்தவள், துடைத்தவள் பெயர் என்ன? பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் அதைப் பேசிப் பாருங்கள். அப்படிப் பேசும்போது உங்கள் கதையும் நடுவில் வந்தால் வரட்டும். வராவிட்டாலும் பரவாயில்லை.

திரும்பி வரும் ரயில் ஹாலிஎல நிலையத்தை விட்டு நகர்ந்தபோது, தோட்டத்துப் பெண்கள் சிலர் மேடையில் நின்று கையசைத்தார்கள். அக்காவின் மடியில் அவர்கள் கொடுத்த தேயிலைத்தூள் பொட்டலம் இருந்தது. "அம்மாவுக்குக் குடுக்கிறன். இது அவ பிறந்த இடத்துத் தேயிலை" என்றார்.